சுற்றி என்ன எழுதியிருக்கிறது?

தோட்டத்தில் கிடைத்த ஒரு பித்தளை வில்லையை நீட்டி அப்படித்தான் கேட்டார் ஒருவர். நாலு மாதமாக அந்தக் கேள்வியையே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

பொருளில் குழப்பமே இல்லை. இங்கிலாந்தில் மண்ணில் கிடைத்த பழம்பொருள்களுக்கு அடையாளம் சொல்லும் மேசையில் ஒரு வருடம் உட்கார்ந்தவர் யாரானாலும் கண்டதும் சொல்லிவிடுவார்: ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து ஜெட்டன், அதாவது பலகையில் வைத்துக் கணக்குப் போடும் வில்லை. மெல்லிய பித்தளை, 22 மில்லிமீட்டர். ஒரு பக்கம் ரோஜாவைச் சுற்றி மூன்று கிரீடம், மூன்று லில்லிப் பூ. மறுபக்கம் மூன்று வளைவுக் கட்டுக்குள் சிலுவை வைத்த உருண்டை. ரோஜாப் பக்கம் பெயர்: ஹான்ஸ் கிராவிங்கெல். அந்தப் பெயரில் இரண்டாமவர், 1586 முதல் 1635 வரை பட்டறை நடத்தியவர். இவர் அடித்தவை இங்கே தோண்டும் இடமெல்லாம் கிடைக்கின்றன.

"தங்கமா?" என்பவர்களுக்கு இல்லை, இல்லை என்று சொல்லி மரத்துப்போன வாய் எனக்கு. வந்தவர் அதைக் கேட்கவில்லை. மனைவி உருளைக்கிழங்குப் பாத்தியில் எடுத்தது, மார்ச்சில் அவள் இறந்துவிட்டாள் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் சோடா மூடி என்றாராம். அந்த அம்மா ஒரு வாரம் சிரித்தாராம்.

உருண்டைப் பக்கத்து வாசகம், ஹைட் ரோட் மோர்கன் டோட். இன்று சிவந்த முகம், நாளை பிணம். நேற்று இருந்தார் இன்று இல்லை என்று இழவு வீட்டில் சொல்வோமே, அதுதான், இன்னும் கொஞ்சம் முரடாக.

"கடவுளின் ராஜ்யம் என்றைக்கும் நிலைக்கும்" என்றேன் அவரிடம்.

அதுவும் கிராவிங்கெல் வாசகம்தான், வேறு வில்லையில். அதனால் முழுப் பொய் இல்லை என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளிம்பு தேய்ந்திருந்தது என்றும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் லென்ஸில் 'மோர்கன்' பளிச்சென்று தெரிந்ததே.

நன்றாக இருக்கிறது, ஜெர்மனில் எழுதித் தாருங்கள் என்றார். எழுதிக்கொடுத்தேன். பிறகு வாய் நிற்கவில்லை. கணக்குப் பலகையில் கீழ்க்கோட்டில் வைத்தால் ஒன்று, அடுத்த கோட்டில் பத்து, நடு இடைவெளியில் ஐந்து, ஆயிரம் கோட்டுக்குச் சிலுவைக் குறி, தாளில் எண் எழுதிக் கூட்டும் வழக்கம் பரவியதும் இவை ஒழிந்தன என்று கொட்டினேன். அவ்வளவு விளக்கம் அதற்குமுன் யாருக்கும் கொடுத்ததில்லை.

கண்டெடுத்த பொருள்களின் பதிவில் மட்டும் உள்ளபடி எழுதினேன். எடை, விட்டம், வாசகம், பொருள், படம். இணையத்தில் யாரும் பார்க்கலாம், அவரும்தான். ஏட்டில் பொய் எழுதக் கை வரவில்லை, ஆளிடம் சொல்ல வாய் வந்தது. இதில் எது மோசம் என்று பிடிபடவில்லை.

துக்கத்தில் இருப்பவரிடம் வேறென்ன சொல்வாய் என்கிறார் உடன் வேலை செய்பவர். சில நாள் நானும் ஒத்துக்கொள்கிறேன். சில நாள், சோடா மூடிக்கே ஒரு வாரம் சிரித்த அம்மா இதற்கு எத்தனை நாள் சிரித்திருப்பார் என்று தோன்றுகிறது. அவர் கணவரும் ஆறுதலா கேட்டார்? வாசகத்தைத்தானே கேட்டார்.

என் துண்டுச்சீட்டை நாலாய் மடித்து, இருமல் மிட்டாய் டப்பாவில் வில்லைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு போனார். அவர் தொலைபேசி எண் கோப்பில் இருக்கிறது. இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.