பாட்டிலில் கலர் மணல்: பிள்ளைகளோடு செய்து பார்த்தது

ஆற்று மணல், எம்-சாண்ட், பொடியுப்பு, கடையில் வாங்கிய கலர் கோலப்பொடி என்று நாலையும் கண்ணாடி பாட்டிலில் அடுக்கிப் பார்த்துவிட்டோம். எங்களுக்கு ஒத்துவந்தது ஆற்று மணல்தான். உப்பு பளிச்சென்று இருக்கும், ஆனால் நாகர்கோவில் காற்றில் இரண்டு நாள் மழை பெய்தாலே ஈரம் இழுத்துக் கட்டி தட்டிவிடுகிறது. எம்-சாண்டில் தூசி அதிகம். கோலப்பொடி மிகவும் நைஸாக இருப்பதால் கொட்டும்போது பறக்கிறது. குழந்தைகள் மூக்கருகே வைத்துச் செய்யும் வேலைக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம்.

கன்னியாகுமரி இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது கலர் மணலுக்கா பஞ்சம் என்று கேட்கலாம். அண்ணன் பிள்ளைகளும் அதையேதான் கேட்டார்கள். கன்னியாகுமரி தேவியின் கல்யாணம் நின்றுபோக, சமைக்க வைத்திருந்த அரிசியும் தானியமும் மணலாக மாறிய கதை அவர்களுக்குத் தெரியும். இந்தக் கரையோரத்துச் சிவப்பு மணலில் கார்னெட்டும் கறுப்பில் இல்மனைட்டும் இருக்கின்றன. கூடவே மோனசைட்டும் கலந்திருக்கும். அதில் தோரியம் உண்டு, லேசான கதிர்வீச்சும் உண்டு. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஆலை இந்தக் கனிமங்களைப் பிரித்தெடுக்கிறது. அதனால் கடற்கரையில் அள்ளிக்கொண்டு வருவதில்லை, கலரை நாமே ஏற்றிக்கொள்வோம் என்று பேசி முடித்தோம். பெரியவனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

வீடு கட்டியவர்கள் மிச்சம் வைத்திருந்த ஆற்று மணலைத் தண்ணீர் தெளியும்வரை அலசி மொட்டைமாடியில் காயவைத்தோம். அப்புறம் இரண்டு சல்லடை. ரவை சல்லடையில் நிற்கும் பருக்கைகளை ஒதுக்கிவிட வேண்டும். கீழே விழுந்ததை மாவு சல்லடையில் சலித்து, கடைசியாக இறங்கும் தூசியையும் ஒதுக்க வேண்டும். நடுவில் தங்குவதுதான் நமக்கு. எல்லாப் பருக்கையும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும்.

ஒரு டம்ளர் மணலுக்கு ஒரு ஸ்பூன் போஸ்டர் கலர். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். புட்டு மாவுப் பதம் வந்தால் போதும். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். நிழலில் காயவைத்து, கட்டிகளைக் கையாலேயே நசுக்கிவிடலாம். மஞ்சளுக்கு மஞ்சள்தூளும் ஆரஞ்சுக்குக் கேசரி பவுடரும் போட்டுப் பார்த்தோம். அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது, ஜன்னல் வெயிலில் வைத்ததும் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. போஸ்டர் கலர் அப்படியே நிற்கிறது.

இனி அடுக்குவது. பேப்பரைச் சுருட்டிப் புனல் செய்து, ஜாம் பாட்டிலில் முதலில் பச்சையை இரண்டு விரல் உயரத்துக்குக் கொட்டினோம். அதன்மேல் மெல்லிசாக வெள்ளை. என் மகள் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, கண்ணாடியை ஒட்டினாற்போல் மெதுவாக இறக்கி எடுத்தாள். குச்சி போன பள்ளத்தில் வெள்ளை மணல் சரசரவென்று இறங்கி, பச்சைக்குள் கூராக நின்றது. பக்கத்தில் இன்னொரு குத்து, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டு குத்துக்கு நடுவில் தப்பிய பச்சை மலையாக எழுந்துவிட்டது. “அத்தை, மருத்துவாமலை!” என்று சின்னவன் கத்தினான். அதற்கப்புறம் குச்சியை யார் வைத்திருப்பது என்பதில் ஒரு சண்டை.

படம் தெரிவது கண்ணாடி ஓரத்தில் மட்டும்தானே! ஆகவே நடுவில் கலர் ஏற்றாத மணலைப் போட்டு நிரப்பிக்கொண்டே வரலாம். கலர் மணல் நிறைய மிச்சமாகும்.

சல்லடைக்கு ஏன் இத்தனை பாடு என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். பெருமணல்மேல் பொடியுப்பைப் போட்டு ஆட்டினால், பருக்கைகளின் இடுக்கு வழியே உப்பு கீழே நழுவிக் கோடு கலங்கிவிடுகிறது. ஒரே அளவு மணல் என்றால் அவ்வளவு சுலபமாக இறங்க வழியில்லை. ஆனாலும் மேலே காலியிடம் இருந்தால் ஆட்டும்போது எல்லாம் கலந்துவிடும். அதனால் விளிம்புவரை நிரப்பி, பென்சில் முனையால் அழுத்தி, இன்னும் கொஞ்சம் போட்டு மூடியை இறுக்க வேண்டும். மூடிக்குள் பஞ்சு வைத்தோம், ஃபெவிகால் மூடியின் விளிம்புக்கு மட்டும்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் மெக்கிரிகோர் ஊரில் ஆண்ட்ரூ கிளெமன்ஸ் (1857–1894) என்று ஒருவர் இருந்தார். சிறுவயதிலேயே காது கேட்காமல் போனவர். பாறைகளில் கிடைத்த இயற்கை நிற மணலை மட்டும் வைத்து, பசையே இல்லாமல் கப்பலும் கொடியும் எழுத்தும் பாட்டிலுக்குள் வரைந்தார். உருண்டை அடி மேலே வரும்படி பாட்டில்களை வாயைக் கீழே வைத்து நிறுத்துவார் என்பதால், படத்தைத் தலைகீழாகவே போட்டுக்கொண்டு வந்தாராம். அவருடைய பாட்டில் படங்களைப் பார்த்ததிலிருந்து பெரியவன் தன் பெயரைத் தலைகீழாக எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறான். அதற்கு ஈர்க்குச்சி தடிமன். வளைந்த முனையுள்ள மெல்லிய கம்பி வேண்டும், குடைக் கம்பியைத் தேய்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கறுப்பு மணல் இரண்டு டம்ளர் காய்ந்துகொண்டிருக்கிறது.