நானும் பார்த்தேன்

"வித் வரியை எடுத்துடவா, இல்ல உள்ளேயே லோட் பண்ணிடவாண்ணா?" என்று என் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த அவள் கேட்டாள். நான் "எடுத்துடும்மா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. என் கையில் வேறு வேலை இருந்தது, திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னேனா, அல்லது என் திரையைப் பார்த்தபடியே சொன்னேனா என்பது இப்போது நினைவில்லை. அதை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

பைத்தானில் படங்களைக் கையாளும் பில்லோ லைப்ரரியில் வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். இமேஜ்.ஓப்பன் என்று அழைத்ததும் படம் முழுதும் வந்துவிடாது. கோப்பின் தலைப்பகுதியை மட்டும் படித்து, இது எந்த வகைப் படம், டிஃபா ஜேபெக்கா, அகலம் உயரம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, கோப்பை மூடாமல் வைத்துக் காத்திருக்கும். நாம் படத்தின் புள்ளிகளைக் கேட்கும்போதுதான் மிச்சத்தைப் படிக்கும். வேலை முடிந்ததும் கோப்பைத் தானே மூடிவிடும் வித் பிளாக்குக்குள் அவள் படத்தைத் திறந்து ஒரு லிஸ்டில் சேர்த்திருந்தாள். எல்லாவற்றையும் அளவுப்படி வரிசைப்படுத்தி, அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் செயலாக்குவது அவள் திட்டம். ஆனால் பிளாக்கை விட்டு வெளியே வந்ததும் கோப்பு மூடிவிடுகிறது, புள்ளிகள் இன்னும் வந்திருக்கவில்லை. அதனால் எரர். அதற்குத்தான் அந்தக் கேள்வி: கோப்பு மூடாமல் இருக்க வித் வரியை எடுத்துவிடுவதா, மூடுவதற்குள் புள்ளிகளையும் படித்து வைத்துக்கொள்வதா.

என் பதில் அன்று வேலை செய்தது. எரர் போய்விட்டது. நான்கு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஏ4 தாளை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால் ஒரு பக்கம் ஏறக்குறைய 26 எம்பி. எங்களுக்கு ஒரு தடவையில் வரும் 250 இன்சூரன்ஸ் ஸ்கேன் கோப்புகளையும் உள்ளேயே லோட் செய்து லிஸ்டில் வைத்தால், ஒவ்வொன்றின் முதல் பக்கத்துக்கே ஆறரை ஜிபி ஆகிவிடும். எங்கள் மெஷினில் இருந்த மெமரி 8 ஜிபி. ஆக லோட் செய்யச் சொல்லியிருந்தால் அதுவும் தப்புதான், சீக்கிரமே விழுந்திருக்கும். இப்படி யாரிடம் வேண்டுமானாலும் விளக்க முடியும், விளக்கியும் இருக்கிறேன். ஆனால் இந்தக் கணக்கை நான் அன்று போடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டபோது போட்ட கணக்கு இது.

மார்ச் கடைசி வாரம். இன்சூரன்ஸ் க்ளெய்ம் வேலையில் இருப்பவர்களுக்கு அந்த வாரம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றிரவு வந்த கோப்புகள் ஆயிரத்தை ஒட்டி இருந்தன. லினக்ஸில் ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கக்கூடிய கோப்புகளுக்கு வழக்கமாக 1024 என்று ஒரு வரம்பு உண்டு. நெட்வொர்க் இணைப்பு, லாக் ஃபைல் எல்லாம் அதே கணக்கில்தான் வரும். படங்கள் எப்படியோ எல்லாம் திறந்துவிட்டன. கடைசியில் இடம் கிடைக்காமல் விழுந்தது டேட்டாபேஸ் இணைப்பு. லாகில் 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்', எரர் எண் 24, டேட்டாபேஸ் வரிக்குக் கீழே. அதனால் இரண்டு மணிநேரம் எல்லோரும் டேட்டாபேஸையே குடைந்துகொண்டிருந்தோம். பிறகு ஒருவர், ஓடும் ப்ராசஸ்களின் விவரம் இருக்கும் ப்ராக் டைரக்டரியில் அந்த ப்ராசஸ் திறந்து வைத்திருப்பதைப் பட்டியலிட்டார், திரை முழுக்க டிஃப், டிஃப், டிஃப் என்று ஓடியது. எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. வரம்பை 65536 ஆக்கி மறுபடி ஓட்டினோம், விடிவதற்குள் முடிந்தது.

லோட் ஆனதும் பில்லோ தானே மூடிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை எனக்கு இருந்தது. ஒரே படம் உள்ள கோப்பை, பெயரைக் கொடுத்துத் திறந்தால், அது உண்மை. பல பக்கம் உள்ள டிஃப் அப்படி இல்லை. அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டியிருக்குமே என்று திறந்தே வைத்திருக்கும். எங்களிடம் வருவதில் பெரும்பாலானவை பல பக்க டிஃப்தான். யாரும் பிடித்துவைக்காத படத்தைப் பைத்தானே விட்டுவிடும், கோப்பும் மூடிவிடும் என்பதும் சரிதான். ஆனால் லிஸ்ட் பிடித்து வைத்திருந்ததே. மூடாமல் விட்ட கோப்புக்கு எச்சரிக்கை ஒன்று உண்டு, அதுவும் நாம் தனியாக இயக்கினால்தான் கண்ணில் படும். எனக்குத் தெரிந்தது ஒவ்வொன்றும் பாதி பாதியாகச் சரியாக இருந்தது.

இதைவிட உறுத்துவது வேறு. அவளுக்குத் தேவைப்பட்டது அளவு மட்டும்தான். அது தலைப்பகுதியிலேயே கிடைத்துவிடும். பிளாக்குக்குள்ளேயே அளவைக் குறித்துக்கொண்டு, கோப்பின் பெயரையும் அளவையும் மட்டும் லிஸ்டில் வைத்திருந்தால் போதும். செயலாக்கும்போது ஒவ்வொன்றாகத் திறந்து மூடலாம். கடைசியில் அப்படித்தான் மாற்றினோம், ஏழு வரி. அவள் என்னிடம் இரண்டு வழி கேட்டாள், நான் அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். படத்தை ஏன் லிஸ்டில் வைக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒன்பது வருட அனுபவம் என்று எனக்குச் சம்பளம் தருவது அந்த ஒரு கேள்விக்காகத்தான் என்று தோன்றுகிறது. சில நாள், வேலை நடுவில் வரும் ஒவ்வொரு கேள்வியையும் அப்படி நின்று கேட்க முடியுமா என்றும் தோன்றுகிறது.

இரண்டு நாள் கழித்து மீட்டிங். பெங்களூரு பெல்லந்தூர் அலுவலகத்தில் நாங்கள் நான்கைந்து பேர் தமிழ், எங்களுக்குள் தமிழில்தான் பேசிக்கொள்வோம். மீட்டிங் ஆங்கிலத்தில். கோட் ரிவ்யூவில் எழுதும் குறிப்புகளும் ஆங்கிலத்தில். அவள் கேட்டதும் நான் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தமிழில் பேசியது, அதற்கு எங்கும் தடயம் இல்லை. மேனேஜர் திரையில் அந்த வரியைக் காட்டி, வித் இருந்திருக்கிறதே, யார் எடுத்தது, ஏன் என்று கேட்டார். எந்த வரியை யார் மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கிட்டில் அவள் பெயர் இருந்தது. அவள், "நான்தான் எடுத்தேன், எரர் வந்ததால்" என்றாள். நான், "ரிவ்யூவில் நானும் பார்த்தேன்" என்றேன்.

நானும் பார்த்தேன். பொய் இல்லை. பொறுப்பைப் பகிர்ந்துகொள்கிற நல்ல டீம் லீட் என்றுகூட அந்த அறையில் நினைத்திருப்பார்கள். "நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்பது வாய்வரை வந்தது. வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். அதற்குள் மேனேஜர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார், இடையில் புகுந்து சொல்வது நாடகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் ஒரு நாள் டீ குடிக்கும்போது அவளிடம் கேட்டேன். "அன்னைக்கு நான்தானே எடுக்கச் சொன்னேன், நீ ஏன்மா சொல்லல?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க சொன்னீங்களாண்ணா? நானேதான் எடுத்தேன்னு நினைச்சிட்டிருக்கேன்."

"இல்லம்மா, நான்தான் சொன்னேன். நீ கேட்டே."

"அப்படியா, சரிண்ணா" என்றாள். டம்ளரை வைத்துவிட்டு மேலே போனோம்.

எனக்காக மறந்ததுபோல் நடித்தாளா, நிஜமாகவே மறந்துவிட்டாளா என்று தெரியவில்லை. நடித்திருந்தால் பரவாயில்லை என்று நினைக்கிறேன். நிஜமாக மறந்திருந்தால், நான் சொன்ன தப்பு அவள் மனதில் அவள் தப்பாகவே பதிந்திருக்கிறது. சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள். அடுத்த முறை எதையாவது எடுக்கவோ சேர்க்கவோ போகும்போது அதை நினைத்துத் தயங்குவாள்.

அந்தச் சம்பவத்துக்கு நாங்கள் எழுதிய அறிக்கையில், எரரைச் சரிசெய்ய டெவலப்பர் வித் வரியை நீக்கினார் என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் திருத்தும் அனுமதி எனக்கு உண்டு. ரிவ்யூ செய்தவர் சொன்னதன் பேரில் என்று நான்கு வார்த்தை சேர்த்தால் போதும். இரண்டு முறை திறந்தேன். இரண்டு முறையும், இத்தனை நாள் கழித்து யார் படிக்கப் போகிறார்கள் என்று மூடிவிட்டேன்.