பட்டாலையில் வைக்க ஒரு டிவி

பள்ளத்தூர் வீட்டுப் பட்டாலைக்கு, அதாவது கூடத்துக்கு, புது டிவி வாங்கலாம் என்ற பேச்சு வந்தபோது எங்களிடம் மீடியா சர்வர் ஏற்கெனவே இருந்தது. இன்டெல் என்100 சிப் போட்ட சின்ன மினி பிசி, 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க், அதில் ஜெல்லிஃபின் (சேமித்த வீடியோக்களை வீட்டு நெட்வொர்க் வழியே டிவிக்கு அனுப்பும் மென்பொருள்). வீட்டுக் கல்யாணங்கள், ஐயாவின் (தாத்தாவின்) சாந்திக் கல்யாணம், பிள்ளைகளுக்குச் செய்த புதுமைச் சடங்கு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பழையவை விஹெச்எஸ் கேசட்டிலிருந்து மாற்றியவை. இடைக்காலத்தவை டிவிடி. இப்போதையவை போனில் எடுத்த 4கே. அப்பச்சி (அப்பா) வருஷக்கணக்காகச் சேர்த்த பழைய படங்களின் டிஸ்குகளையும் ஏற்றி வைத்திருக்கிறோம்.

இதையெல்லாம் இதுவரை லேப்டாப்பில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். “ஏப்பா, உங்க ஐயா சாந்தியப் பெரிசாப் பாக்கணும்ப்பா, இதுல யாரு மொகமும் தெரியல” என்று அப்பத்தா கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் எல்லாரும் வருவார்கள், அதற்குள் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம்.

நெட்ஃப்ளிக்ஸ், யூடியூப் பார்க்க டிவி வாங்குவதற்கும் வீட்டுச் சர்வருக்காக வாங்குவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்தக் கம்பெனிகள் உங்கள் டிவி எதைத் திறக்குமோ அந்த வடிவத்திலேயே படத்தை அனுப்பிவிடும். நம் சர்வரில் இருப்பது இருபது முப்பது வருஷத்தில் வெவ்வேறு கருவிகளில் உருவான ஃபைல்கள். டிவி ஒரு ஃபைலை அப்படியே திறந்தால் சர்வருக்கு வேலையே இல்லை, ஃபைலை எடுத்துக் கொடுத்தால் போதும். திறக்க முடியாவிட்டால், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வர் அதை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். அதுதான் ட்ரான்ஸ்கோடிங். என்100 சிப்பில் இதற்கென்றே குயிக் சிங்க் வசதி இருப்பதால் சமாளிக்கும். ஆனாலும் 4கே படத்தை மாற்றும்போது படம் தொடங்கத் தாமதமாகும், நடுவில் முன்னே பின்னே ஓட்டினால் காத்திருக்க வேண்டும், தரமும் கொஞ்சம் குறையும். அப்பத்தா ரிமோட்டை அழுத்தியதும் படம் வர வேண்டும் என்றால் டிவியே திறக்க வேண்டும்.

அதனால் கடைக்குப் போகும் முன் சர்வரில் உள்ள ஒவ்வொரு வகை ஃபைலிலும் ஒரு துண்டு எடுத்து பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். வீடியோவைச் சுருக்கும் முறைகளில் எச்.264, ஹெச்இவிசி 10 பிட், டிவிடியின் எம்பெக்-2; டிடிஎஸ் என்ற வடிவில் ஒலி உள்ள ஒரு எம்கேவி ஃபைல், தமிழ் சப்டைட்டில் உள்ள ஒன்று. பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது, அதை முன்பே மாற்றிவிடுங்கள். லேப்டாப்பிலும் ஜெல்லிஃபின் போட்டு எடுத்துப் போனேன். டிவியில் உள்ள பிளேயர் திறப்பதும் ஜெல்லிஃபின் ஆப் திறப்பதும் எப்போதும் ஒன்றாக இருக்காது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பையும் கடை டிவியையும் அதில் சேர்த்துவிட்டால் கடையிலேயே முழுச் சோதனையும் செய்யலாம்.

காரைக்குடி செக்காலை ரோட்டில் கடை கடையாக ஏறினோம். “அண்ணே, எல்லா ஆப்பும் உள்ளேயே இருக்கு, 4கே சும்மா பளிச்சுன்னு ஓடும்” என்றார் ஒரு தம்பி. “அது சரி தம்பி, என் பென்டிரைவைப் போட்டுப் பாக்கலாமா?” என்றேன். “தாராளமாப் போடுங்கண்ணே” என்று ரிமோட்டையே கையில் கொடுத்துவிட்டார். வாங்கப்போகும் பொருளைச் சோதிக்கக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். நான் கேட்ட எந்தக் கடையிலும் மறுக்கவில்லை.

சோதனையில் தெரிந்தது நிறைய. ஒரு டிவியில் எம்கேவி படம் அழகாக ஓடியது, சத்தமே இல்லை. அதற்குக் காரணம் டிடிஎஸ். சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிடிஎஸ் ஒலியை டிவியில் விட்டுவிட்டது. எல்ஜி 2020இல் எடுத்துவிட்டு 2023இல் சில மாடல்களில் திரும்பக் கொண்டுவந்தது. டிவிடி, ப்ளூ-ரே டிஸ்குகளிலிருந்து ஏற்றிய படங்கள் உங்களிடம் நிறைய இருந்தால் இதை மாடல் வாரியாகப் பார்த்தே ஆக வேண்டும். டிடிஎஸ் இல்லாத டிவி என்றால் சர்வர் ஒலியை மட்டும் மாற்றி அனுப்பும், அது பெரிய சுமை இல்லை. சப்டைட்டில்தான் சுமை. ப்ளூ-ரேயில் வரும் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாக இருப்பதால், சில டிவிகளுக்கு அதைக் காட்சியோடு ஒட்டித்தான் அனுப்ப முடியும். அப்படி ஒட்ட முழு வீடியோவையும் மாற்ற வேண்டும். எங்கள் ஆத்தாளுக்குக் காது கொஞ்சம் மந்தம், சப்டைட்டில் இல்லாமல் படமே பார்க்க மாட்டார்கள். ஆகவே எல்லாவற்றையும் எழுத்தாகவே இருக்கும் எஸ்ஆர்டி ஃபைலாக மாற்றி வைத்திருக்கிறேன். அதிலும் ஒரு டிவியின் சொந்தப் பிளேயரில் தமிழ் எழுத்தின் கொம்பும் காலும் பிரிந்து பிரிந்து நின்றன. அதே டிவியில் ஜெல்லிஃபின் ஆப்பில் சரியாக வந்தது. ஆப் எந்த வழியில் திறக்கிறது என்பதை ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள். நேராக ஓடுகிறதா, மாற்றி ஓடுகிறதா, மாற்றினால் எந்தக் காரணத்துக்காக என்று அதில் எழுதியே காட்டும்.

ஆப் விஷயம் சுருக்கமாக: கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவி, எல்ஜியின் வெப்ஓஎஸ் மூன்றிலும் ஜெல்லிஃபினை டிவியின் ஆப் கடையிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். சாம்சங்கின் டைசனில் பல வருஷமாக டெவலப்பர் மோடில் நாமே ஏற்ற வேண்டியிருந்தது. ஜெல்லிஃபின் போன்ற இன்னொரு மென்பொருளான ப்ளெக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இனி சுவர். செட்டிநாட்டு வீட்டில் டிவி வைப்பவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். எங்கள் ரூட்டர் முகப்பில் இருக்கிறது, பட்டாலை அதைத் தாண்டி வளவுப் பக்கம், அதாவது நடுமுற்றத்துப் பக்கம். நடுவில் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கனமான சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை முகப்பில் பறக்கிறது, பட்டாலைக்கு வரும்போது நூலாகிவிடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுகிறது, ஆனால் வேகம் போதாது. கேபிள் இழுப்பது ஒன்றே வழி. வழவழப்பான பழைய சுண்ணாம்புப் பூச்சில் துளை போட அப்பச்சி ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள், எனக்கும் மனசில்லை. அந்தப் பூச்சு ஒருமுறை வெடித்தால் அதேபோல் பூச ஆள் தேட வேண்டும். எனவே கேட்6 நெட்வொர்க் கேபிளை நிலைக்கு மேலே இருக்கும் காற்றுப் பலகணி வழியாக எடுத்து, வளவைச் சுற்றி விட்டத்தின் ஓரமாகவே கொண்டுவந்தோம். ஆணி அடிக்காமல் கட்டுக்கம்பியால் கட்டியதுதான். டிவியையும் சுவரில் மாட்டாமல் ஸ்டாண்டில் வைத்தோம்.

கேபிள் இழுப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான டிவிகளின் ஈதர்நெட் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், விலை கூடிய மாடல்களிலும் அப்படியே. 4கே ப்ளூ-ரேயை அப்படியே ஏற்றி வைத்திருந்தால் சில காட்சிகளில் அது 100ஐத் தாண்டும், படம் திணறும். போனில் எடுத்த 4கே ஏறக்குறைய 50க்குள் நிற்கும், சுருக்கிய ஹெச்இவிசி படங்கள் அதைவிடக் குறைவு. எங்களுக்கு இது தாராளம். ப்ளூ-ரே வைத்திருப்பவர்கள் கேபிளின் முனையில் ஒரு வைஃபை அக்சஸ் பாயின்ட் வைத்து, டிவியை 5 கிகாஹெர்ட்ஸில் சேர்த்துவிடலாம்.

டிவி திரையின் பேனலில் விஏ வகையா ஐபிஎஸ் வகையா என்று நீண்ட விவாதம் நடந்தது. விஏயில் கறுப்பு ஆழமாக இருக்கும், பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். எங்கள் வீட்டில் யாரும் நேராக வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. பட்டாலை நெடுக, தூணில் சாய்ந்தும் ஊஞ்சலிலும் தரையிலுமாகக் கூட்டம் இருக்கும். ஐபிஎஸ்தான் எங்களுக்கு. ஓஎல்இடி இரண்டுக்கும் மேலான படம் தரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பணத்தில் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வைப்பது நல்லது என்று நினைத்தேன். வளவில் மத்தியான வெயில் நேரே இறங்கும், ஆத்தங்குடிக் கல் தரையும் அந்த வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஆகவே திரை வளவைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பியிருக்கும்படி வைத்தோம்.

அளவில் 43 போதும் என்று அப்பச்சி சொன்னார்கள். ஆனால் கேசட் காலத்து வீடியோ 4:3 வடிவம். 43 இஞ்ச் திரையில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை போக, கையில் கிடைப்பது 35 இஞ்ச் படம்தான். 55 இஞ்ச்சில் அது 45 ஆகிறது. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் 55க்குச் சம்மதித்தார்கள். ஜெல்லிஃபின் கடையிலேயே நேராக ஓடிய ஒரு கூகுள் டிவியை வாங்கினோம்.

வாங்கிய பிறகு கேசட் ஃபைல்களில் ஒரு வேலை பாக்கி இருந்தது. அவை வரி விட்டு வரியாகப் பதிவானவை, நொடிக்கு 50 பாதிப் படங்கள். ஆப்பில் ஓடும்போது, யாராவது கையசைத்தால் விளிம்பெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரிந்தது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், பாதிப் படங்களை முழுப் படங்களாக்கும் பிடபிள்யூடிஃப் ஃபில்டர் போட்டு, 50 முழுப் படங்களாக எச்.264இல் ஒரே தடவையாக மாற்றி வைத்துவிட்டேன். நொடிக்கு 25 ஆக்கிவிடாதீர்கள், அசைவின் இயல்பு போய்விடும். மூல ஃபைலையும் அழிக்க வேண்டாம், நாளைக்கு இதைவிட நல்ல முறை வரலாம்.

டிவி செட்டிங்கில் செய்தவை: அசைவை மென்மையாக்கும் வசதியை அணைத்தேன், படத்தை இழுத்து அகலப்படுத்தும் வசதியையும் அணைத்தேன். அகலப்படுத்தினால் மாப்பிள்ளை பெண் எல்லாரும் குட்டையாகத் தெரிவார்கள். திரையில் ஓடுவதை அடையாளம் கண்டு கம்பெனிக்கு அனுப்பும் வசதி பல ஸ்மார்ட் டிவிகளில் உண்டு, ஏசிஆர் என்பார்கள். நம் வீட்டு விசேஷம் நம்மோடு இருக்கட்டும் என்று அதையும் அணைத்தேன். கடைசியாக ரூட்டரில் சர்வருக்கு ஒரே ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்கினேன். கரண்ட் போய் வந்தபின் முகவரி மாறி, சர்வரைக் காணோம் என்று ஆத்தாள் எனக்குச் சென்னைக்குப் போன் போடும் நிலை அதனால் வரவில்லை.