ஏழாம் நம்பர் ஆர்டரை யார் கேன்சல் செய்தது?

"தம்பி, போன வருஷமே டெலிவரி ஆன ஏழாம் நம்பர் ஆர்டர் இப்ப எப்படி கேன்சல்னு காட்டுது? கஸ்டமருக்கு மெசேஜ் வேற போயிருக்கு!" நான் எழுதிக் கொடுத்த ஆர்டர் ஆப்பைப் பயன்படுத்தும் கடைக்காரர் போன்.

முதல் நாள் முழுக்கப் பழியைத் திரைமேல் போட்டேன். கடைக்கே பைக்கில் போய் அவர் கம்ப்யூட்டரில் கேச்சை (பிரவுசர் சேமித்து வைத்த பழைய பக்கங்களை) அழித்துவிட்டு வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் மறுபடி போன். நான் சரிசெய்து வைத்த அதே ஏழு, மறுபடி கேன்சல்.

ராத்திரி, ஆர்டர்களை எடுத்துவரும் குவெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கட்டளையை) பிஎஸ்க்யூஎல்லில், அதாவது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கட்டளைத் திரையில், நேரடியாக ஓட்டிப் பார்த்தேன். ஐடி என்ற தலைப்பில் இரண்டு செங்குத்துப் பத்திகள்! ஆர்டர் டேபிளோடு டெலிவரி ஆட்கள் டேபிளை லெஃப்ட் ஜாயின் போட்டு (ஆள் இல்லாத ஆர்டரும் வரும்படி இணைத்து), சோம்பலில் 'செலக்ட் ஸ்டார்', அதாவது எல்லாப் பத்திகளையும் கொடு என்று எழுதியிருந்தேன். நோட்ஜேஎஸ்ஸின் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது) போஸ்ட்கிரெஸ் டிரைவர், அதாவது டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரி, ஒவ்வொரு ரோவையும் (கிடைவரிசையையும்) பத்திப் பெயரைக் கீயாக, அதாவது அடையாளப் பெயராக வைத்து ஆப்ஜெக்ட் ஆக்கும். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பின்னது முன்னதை அழித்துவிடும். எரர் வராது, வார்னிங்கும் வராது. ஆக, நான் ஆர்டர் ஐடி என்று நம்பியது டெலிவரி பையனின் ஐடி. ஏழாவது பையன் எடுத்துப்போகும் எதை கேன்சல் செய்தாலும் அடி விழுவது ஏழாம் ஆர்டருக்கு. ஆள் ஒதுக்காத ஆர்டர்களில் ஐடி நல், அதாவது வெற்று. கேன்சல் பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அதைத்தான் இத்தனை நாள் 'நெட் ஸ்லோண்ணே' என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

டெஸ்டில் மாட்டவே இல்லை. முதல் ஆர்டருக்கு முதல் பையன், இரண்டாவதுக்கு இரண்டாவது பையன் என்று அழகாக டேட்டா போட்டிருந்தால் எப்படி மாட்டும்?

திருத்த அரை மணி நேரம். ஸ்டாரைத் தூக்கிவிட்டு, வேண்டிய பத்திகளை மட்டும் எழுதி, இரண்டு ஐடிக்கும் ஏலியாஸ் (தனித்தனி மாற்றுப் பெயர்) வைத்தேன். ரோவை ஆர்டராக மாற்றும் வேலை இனி ஒரே ஃபங்ஷனில். எதிர்பார்த்த பத்தி அன்டிஃபைன்டாக (இல்லாததாக) வந்தால் அங்கேயே எரர். அன்றைக்கே ஒரு ரிப்போர்ட்டில் நான் விட்டிருந்த பத்தியை அது பிடித்துக் கொடுத்தது!

அதே கையோடு சிக்கிய இன்னும் இரண்டு. குவெரியில் எண்ணிக்கை கேட்கும் 'கவுன்ட்' தருவது பிக்இன்ட், அதாவது பெரிய முழு எண். ஜாவாஸ்கிரிப்ட் எண் 9007199254740991-ஐத் தாண்டினால் துல்லியம் போய்விடும் என்பதால் டிரைவர் அதை ஸ்டிரிங்காகவே (வெறும் எழுத்தாகவே) தரும். 12-உடன் 1 கூட்டினால் 121. சின்ன எண்ணிக்கைதான் என்றால் குவெரியிலேயே இன்ட் (சாதாரண முழு எண்) ஆக்கிவிடுங்கள். ஐடி பட்டியலை, இதில் உள்ளவை மட்டும் என்று கேட்கும் 'இன்' அடைப்புக்குள் ஒட்டாதீர்கள், பட்டியல் காலியானால் சின்டாக்ஸ் (கட்டளை இலக்கண) எரர். '= எனி($1)' என்று எழுதி பட்டியல் முழுவதையும் ஒரு அரேயாக, $1 இடத்துக்கான ஒரே பாராமீட்டராகக் கொடுத்தால், காலிப் பட்டியலுக்கு ரோ எதுவும் வராது, அவ்வளவுதான்.

ஏழாம் நம்பர் கஸ்டமருக்கு மன்னிப்பு மெசேஜைக் கடைக்காரரே தன் போனிலிருந்து அனுப்பினார். நம் ஆப் வழியாக அனுப்பலாமே என்றேன். வேண்டாம் தம்பி என்றுவிட்டார்.