ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம், ஓஸ்லோவுக்கு இரண்டு முறை வேண்டும்

வட துருவத்தை ஒட்டியுள்ள ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போக எந்த நாட்டவருக்கும் விசா தேவையில்லை என்பார்கள். உண்மைதான். நார்வேயின் ஆளுகையில் இருந்தாலும் அந்தத் தீவுகள், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் பகுதியின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. ஆனால் எனக்குச் சிக்கல் வந்ததே அந்த 'வெளியே'யால்தான்.

சென்னையிலிருந்து போனால் பொதுவாக நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவில் இறங்கி, அந்தத் தீவுகளின் முக்கிய ஊரான லாங்யியர்பியெனுக்கு விமானம் மாற வேண்டும். ஓஸ்லோவில் ஓரிரவு தங்கினால் அது முதல் நுழைவு. வடக்கே கிளம்பும்போது ஷெங்கனிலிருந்து வெளியேறியதாகப் பதிவு செய்வார்கள். திரும்பி வந்து ஓஸ்லோவில் இறங்குவது இரண்டாவது நுழைவு. இதை ஏஜென்டிடம் இரண்டு தடவை கேட்டேன். "நார்வேதானே சார், சிங்கிள் என்ட்ரி போதும்" என்றார். நம்பினேன்.

2024 மார்ச் கடைசியில் பயணம். கிளம்ப 19 நாள் இருக்கும்போது விசா கைக்கு வந்தது. ஸ்டிக்கரில் நுழைவுகளின் எண்ணிக்கை 01. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏஜென்டுக்குப் போன் செய்தால், "அங்கே போய்ப் பேசிக்கலாம் சார்" என்கிறார். துருவத்துக்குப் போய் யாரிடம் பேசுவது?

மறுபடி முதலிலிருந்து விண்ணப்பித்தேன், இந்த முறை நானே. கடிதத்தில் ஓஸ்லோ – லாங்யியர்பியென் – ஓஸ்லோ என்று தேதியோடு எழுதி, இரண்டு நுழைவு ஏன் வேண்டும் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லி, உள்ளே போகிற, வருகிற இரண்டு விமானப் பதிவுகளையும் இணைத்தேன். நீங்களும் இதை அப்படியே செய்யுங்கள். 02 என்று வந்தது, ஆனால் அதற்குள் மார்ச் தேதி தாண்டிவிட்டது. விடுதிப் பணம் போனது போனதுதான். பனி ஸ்கூட்டர் பயணத்தை நடத்துகிறவர்கள் மட்டும் கட்டணம் பிடிக்காமல் மே முதல் வாரத்துக்கு மாற்றித் தந்தார்கள். அந்த மின்னஞ்சலைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

ஆனால் இரவு வானில் தெரியும் வண்ணத் துருவ ஒளியைப் பார்க்கும் வாய்ப்பு போயிற்று. அங்கே ஏப்ரல் 20 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் பிற்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. இருட்டு இல்லாமல் ஒளியை எங்கே பார்ப்பது? அதற்காகத்தானே மார்ச்சைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அப்புறம் காப்பீடு. விசாவுக்காக எடுத்த பாலிசியில் 'ஷெங்கன் நாடுகள்' என்று மட்டும் இருந்தது. ஸ்வால்பார்ட் அதில் வராது! லாங்யியர்பியென் மருத்துவமனை சிறியது, கடுமையான பிரச்சினை என்றால் விமானத்தில் நார்வே நிலப்பகுதியில் உள்ள டிரோம்சோ நகருக்குக் கொண்டுபோவார்கள். அந்தச் செலவை நினைத்து, தீவின் பெயரையே எழுதி வாங்கி வேறு பாலிசி எடுத்தேன். நகரைச் சுற்றியுள்ள பகுதியைத் தாண்டி வழிகாட்டி இல்லாமல் போகிறவர்கள் ஆளுநர் அலுவலகத்தில் முன்பே பதிய வேண்டும், தேடல்-மீட்புக் காப்பீடும் வேண்டும். முதல் முறை போகிறவர்கள் அதற்கு ஆசைப்படாதீர்கள். ஊர் எல்லையில் பனிக்கரடிப் பலகையைத் தாண்டினாலே துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டியோடு போவதுதான் நல்லது. 2025 முதல் கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. நல்ல ஜூம் லென்ஸ் எடுத்துப் போங்கள்.

மே மாதத்தில் அங்கே இருந்த ஐந்து நாளும் குறையில்லாமல் போயின. திரும்பும்போது ஓஸ்லோவில் அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். "எங்கிருந்து வருகிறீர்கள்?" "லாங்யியர்பியென்." விசாவில் இருந்த 02ஐப் பார்த்தார், முத்திரை குத்தித் தந்துவிட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.