டெலான்டே வெஸ்ட்: ஒரு டாலஸ் ரசிகனின் நாட்குறிப்பு

அக்டோபர் 17, 2012, புதன்

அமெரிக்காவின் பேஸ்கட்பால் லீகான என்.பி.ஏ.-வில் ஆடும் எங்கள் டாலஸ் மேவரிக்ஸ் அணி, டெலான்டே வெஸ்ட்டை சஸ்பெண்ட் செய்திருக்கிறது. ஹூஸ்டன் ராக்கெட்ஸுடன் நடந்த ப்ரீ சீசன் ஆட்டம் முடிந்ததும் லாக்கர் ரூமில் சத்தம் போட்டாராம். யாரிடம், எதற்காக என்று மேவரிக்ஸ் நிர்வாகம் சொல்லவில்லை. அணிக்குக் கேடு விளைவிக்கும் நடத்தை என்ற ஒரே வரியோடு முடித்துக்கொண்டார்கள்.

போன சீசனில் நான் ரொம்ப ரசித்துப் பார்த்த ஆட்டக்காரர் இவர்தான். அணியின் நட்சத்திரம் டர்க் நோவிட்ஸ்கியை எல்லோருக்கும் பிடிக்கும், அது வேறு விஷயம். வெஸ்ட் இடதுகைக்காரர். ஆறடிக்கு மேல் மூன்று அங்குலம்தான், தன்னைவிடப் பெரிய ஆள்மேல் ஒட்டிக்கொண்டு டிஃபென்ஸ் ஆடுவார். பந்து தரையில் உருண்டால் முதலில் விழுகிற ஆள் அவராகத்தான் இருக்கும். பிப்ரவரியில் டென்வருடன் ஆடும்போது வலதுகை மோதிர விரல் உடைந்து நீண்ட நாள் வெளியே இருந்தார். 66 ஆட்டங்களே இருந்த அந்தச் சுருக்கமான சீசனில் அவர் ஆடியது 44. சராசரி 9.6 புள்ளிகள். எண்ணைப் பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் அருமை தெரியும்.

அக்டோபர் 20, 2012, சனி

டர்க்குக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. சீசன் தொடக்கத்தில் பல வாரங்கள் அவர் இல்லை. ஜேசன் கிட் கோடையிலேயே நியூயார்க் போய்விட்டார், ஜேசன் டெரி பாஸ்டன் போய்விட்டார். 2011-ல் கோப்பை வாங்கித் தந்த அணியில் இப்போது யார் மிச்சம் என்று விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர்கள் இடத்தில் டேரன் காலிசன், ஓ.ஜே. மேயோ, இருவரும் புதிது. அனுபவசாலி என்றால் வெஸ்ட்தான். சஸ்பென்ஷன் முடிந்து திரும்ப வந்துவிட்டார். அப்பாடா என்றிருக்கிறது.

அக்டோபர் 27, 2012, சனி

மறுபடியும் சஸ்பெண்ட். இந்த முறை எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை, காலவரையற்றது. பத்துப் பதினைந்து நாளுக்குள் இரண்டாவது தடவை.

ஆபீஸில் நேற்று இதே பேச்சு. எங்கள் டீமில் ஒருவர் டாலஸில் பிறந்து வளர்ந்தவர், எண்பதுகளில் ஆடிய ரோலண்டோ பிளாக்மன் காலத்திலிருந்து மேவரிக்ஸ் பார்க்கிறவர். "அணிப் பட்டியலில் பதினைந்து இடம்தான். ஒருத்தருக்காகப் பதினான்கு பேர் எத்தனை நாள் பொறுத்துப் போவார்கள்?" என்றார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. லாக்கர் ரூமில் தினமும் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். டிவியில் பார்க்கிற எனக்கு அது தெரியாது.

ஆனால் வெஸ்ட் விஷயத்தில் ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 2008 அக்டோபரில் கிளீவ்லண்டில் இருந்தபோது பயிற்சி முகாமை விட்டுப் பாதியில் கிளம்பிப் போனார். பிறகு, நெடுநாளாக மனநிலைக் கோளாறோடு போராடுகிறேன் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். இருமுனைக் கோளாறு என்று மருத்துவர்கள் கண்டறிந்திருந்தார்கள். மனச்சோர்வும் அளவுமீறிய வேகமும் மாறி மாறி வரும் நோய் அது. இந்த லீகில் ஒரு ஆட்டக்காரர் அப்படி வெளியே சொல்வது அப்போது சாதாரண விஷயம் இல்லை. கிளீவ்லண்ட் என்ன செய்தது? போய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டு வா என்று விட்டது. அவர் இடத்தை அப்படியே வைத்திருந்தது. திரும்பி வந்தார், தொடக்க ஐவரில் ஆடினார். சராசரி 11.7 புள்ளிகள். அந்த சீசனில் லெப்ரான் ஜேம்ஸின் அந்த அணி 66 ஆட்டங்களில் வென்று 16-ல் மட்டும் தோற்றது. வெஸ்ட் ஆடியதிலேயே நல்ல சீசன்களில் ஒன்று, அவர் நோயைச் சொன்ன அதே வருடம்!

அடுத்த வருடம் செப்டம்பரில்தான் எல்லாம் சரிந்தது. மேரிலாந்தில் இரவு நேரத்தில் மூன்று சக்கர மோட்டார் சைக்கிளில் போனவரை போலீஸ் நிறுத்தியது. இடுப்பில் துப்பாக்கி, முதுகில் தொங்கிய கிட்டார் பெட்டிக்குள் இன்னொரு பெரிய துப்பாக்கி. 2010-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வீட்டுக்காவல், நன்னடத்தைக் கண்காணிப்பு, பாஸ்டனில் சேர்ந்தபோது லீக் விதித்த 10 ஆட்டத் தடை. யாரும் காயப்படவில்லை என்பதற்காக அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். துப்பாக்கியோடு நெடுஞ்சாலையில் போகும் மனிதர் எதிரே வருகிறவருக்கும் ஆபத்து, தனக்கும் ஆபத்து.

2011-ல் அணி முதலாளிகள் ஒப்பந்தத் தகராறில் ஆட்டங்களை நிறுத்தி, லீக் கதவடைப்பு நடந்தபோது மற்ற ஆட்டக்காரர்கள் ஐரோப்பா, சீனா என்று ஆடப் போனார்கள். கண்காணிப்பில் இருந்ததால் வெஸ்ட்டால் நாட்டை விட்டுப் போக முடியவில்லை. மேரிலாந்தில் ஒரு ஃபர்னிச்சர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். எட்டு சீசனில் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தவர். அந்த டிசம்பரில்தான் மேவரிக்ஸ் கூப்பிட்டது. டாலஸ் வந்த புதிதில் தங்க இடமில்லாமல் சில நாள் லாக்கர் ரூமிலேயே தூங்கினார் என்று செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? அந்த லாக்கர் ரூமிலிருந்துதான் இப்போது வெளியே நிற்கிறார்.

அக்டோபர் 30, 2012, செவ்வாய்

நேற்று விடுவித்துவிட்டார்கள். முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள்.

நடைமுறை இப்படி: 48 மணி நேரம் மற்ற அணிகளுக்கு அவகாசம். வேண்டுமென்றால் அதே ஒப்பந்தத்தோடு எடுத்துக்கொள்ளலாம். யாரும் கேட்காவிட்டால் அவர் யாரோடும் ஒப்பந்தம் இல்லாத ஆள். இந்த நிலைமையில் யாரும் கேட்கப் போவதில்லை என்றே தோன்றுகிறது.

இரவு சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். அவளுக்குப் பேஸ்கட்பால் பெரிதாகப் பிடிக்காது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க, டீம்ல வேணாம்னு சொல்லிட்டாங்க. அவரோட டாக்டரையும் வேணாம்னு சொல்லிட்டாங்களா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி முழுக்க அதுதான் மண்டைக்குள் ஓடியது.

ஒரு அணியில் இருப்பது என்பது சம்பளம் மட்டும் இல்லை. காலையில் எங்கே போக வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும், எந்த விமானம், யார் மருந்து கொடுப்பார்கள், யார் எழுப்புவார்கள் எல்லாமே அங்கிருந்துதான் வருகிறது. அந்த ஒழுங்கு இந்த மனிதருக்கு மற்றவர்களைவிட நூறு மடங்கு தேவை. அது ஒரே நாளில் நின்றுபோகிறது. அணியை விட்டு அனுப்ப நிர்வாகத்துக்கு உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அணியை விட்டு அனுப்புவதும் ஆளைக் கைவிடுவதும் ஒரே கையெழுத்தில் முடிந்துவிடக் கூடாது. ஆறு மாதமோ ஒரு வருடமோ, மருத்துவரும் ஆலோசகரும் அவரோடு தொடர வேண்டும். செலவு ஒரு பொருட்டே இல்லாத லீக் இது.

அக்டோபர் 31, 2012, புதன்

டர்க் இல்லாமலே லாஸ் ஏஞ்சலஸில் லேக்கர்ஸைத் தோற்கடித்துவிட்டோம், 99-91. கோபி, நாஷ், டுவைட் ஹோவர்ட் எல்லோரும் இருந்தும். காலிசன் பிரமாதம். கொண்டாட மனம் வரவில்லை, ஆட்டம் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டேன்.

டிசம்பர் 1, 2012, சனி

டெரெக் ஃபிஷரை எடுத்திருக்கிறார்கள். 38 வயது. கார்டு தட்டுப்பாடு அப்படி! வெஸ்ட் இருந்திருந்தால் இந்த நிலைமை வந்திருக்காது என்று ரசிகர்கள் புலம்புகிறார்கள். நானும் புலம்பினேன். பிறகு யோசித்தால், இவர்கள் வருத்தப்படுவது எல்லாம் அணிக்குக் கார்டு இல்லையே என்றுதான். அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

பழைய வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. இந்த வருடம் ஜனவரியில் சாம்பியன் அணி வெள்ளை மாளிகைக்குப் போனபோது எடுத்தது. அதில் வெஸ்ட் இல்லை. துப்பாக்கி வழக்கால் பாதுகாப்புச் சோதனையில் அனுமதி கிடைக்கவில்லை. அவர் பிறந்ததே வாஷிங்டன் நகரில். பள்ளியில் ஆடியது அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கிரீன்பெல்ட்டில். சொந்த ஊருக்கு வந்த அணியோடு அந்த வாசலைத் தாண்ட முடியாமல் போனது.

பிப்ரவரி 2013

ஃபிரிஸ்கோவில் டெக்சஸ் லெஜண்ட்ஸுக்கு ஆடுகிறார். என்.பி.ஏ.-வுக்குக் கீழே உள்ள டி லீகில், மேவரிக்ஸின் கிளை அணி. எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். ஆடட்டும், எங்கேயாவது ஆடட்டும்.

ஜனவரி 21, 2020, செவ்வாய்

இந்தக் குறிப்பைத் திரும்ப எடுப்பேன் என்று நினைக்கவில்லை. இடையில் அவர் சீனாவில் ஆடியதும், 2016-ல் ஹூஸ்டனில் வெறுங்காலோடு நிற்கும் படம் வந்ததும் செய்திகளில் பார்த்தது. நேற்றிலிருந்து ஒரு வீடியோ சுற்றுகிறது. மேரிலாந்தில் நடுச் சாலையில் ஒருவர் வெஸ்ட்டை அடித்து மிதிக்கிறார். இன்னொன்றில் சட்டை இல்லாமல், கையில் விலங்கோடு பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்து ஏதேதோ பேசிக்கொண்டிருக்கிறார். அதை எடுத்தது அங்கே நின்ற போலீஸ் அதிகாரி. அவரை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். நோயாளி ஒருவரைக் கேமரா முன் பேசவிட்டுப் படம் பிடிப்பதற்கா அந்தச் சீருடை?

செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரியில் அவரோடு ஆடிய ஜமீர் நெல்சனும், அப்போதைய பயிற்சியாளர் ஃபில் மார்ட்டெலியும் வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார்கள். 2004-ல் வழக்கமான சீசனில் 27 ஆட்டமும் ஜெயித்த அணி அது. நெல்சனும் வெஸ்ட்டும் சேர்ந்து ஓடினால் பார்க்கக் கண் போதாது. அந்த வருடம் என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது இரண்டு பேருமே முதல் சுற்றில் எடுக்கப்பட்டார்கள், நெல்சன் 20-வது, வெஸ்ட் 24-வது.

இந்த எட்டு வருடத்தில் லீக் மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2018-ல் டிமார் டிரோசன் தன் மனச்சோர்வைப் பற்றிப் பேசினார். அடுத்த மாதமே கெவின் லவ், ஆட்டத்தின் நடுவில் தனக்கு வந்த பதற்றத் தாக்குதலைப் பற்றி எழுதினார். ஆட்டக்காரர் சங்கம் மனநலத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. 2019-20 சீசனிலிருந்து ஒவ்வொரு அணியும் மனநல நிபுணரை அமர்த்தியே ஆக வேண்டும் என்று விதி. குறைந்தது மூன்று சீசன் ஆடிய முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு மருத்துவக் காப்பீடும் 2016-லேயே அறிவித்துவிட்டார்கள். வெஸ்ட்டுக்கும் அது பொருந்தும். ஆனால் இந்த நோயில் இருப்பவர் தானே போன் செய்து, நேரம் குறித்து, வரிசையில் உட்கார்ந்து காப்பீட்டைப் பயன்படுத்துவார் என்று எப்படி எதிர்பார்ப்பது? யாராவது கூடப் போக வேண்டும்.

உதவ வந்தவர்கள் இல்லாமலும் இல்லை. சில சமயம் அவரே வேண்டாம் என்றிருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல வைப்பதும் இந்த நோய்தான்.

செப்டம்பர் 29, 2020, செவ்வாய்

டாலஸில் ஒரு பெட்ரோல் பங்க். மாஸ்க் அணிந்த மார்க் கியூபன், பக்கத்தில் டெலான்டே வெஸ்ட். தெருவில் நிற்கிறார் என்று தகவல் கிடைத்து, மேவரிக்ஸ் முதலாளியே கார் எடுத்துக்கொண்டு தேடிப் போயிருக்கிறார். ஹோட்டலில் தங்க வைத்திருக்கிறார். சிகிச்சைக்கு ஏற்பாடு நடக்கிறதாம்.

படத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. 2012-ல் இவர் அணிதான் அவரை விடுவித்தது, அதையும் மறக்கவில்லை. ஆனாலும் கையைப் பிடித்துக் கூட்டிப் போக ஒரு ஆள் வந்துவிட்டார். கொரோனா நேரம், யாரும் யாரையும் நெருங்காத நேரம். கியூபனுக்கு மனதார நன்றி.

அக்டோபர் 2020

ஃபுளோரிடாவில் சிகிச்சை மையத்தில் இருக்கிறார். அம்மாவோடு எடுத்த படம் வெளியே வந்திருக்கிறது. குதிரையோடு ஒரு படமும் வந்திருக்கிறது, குதிரை வளர்ப்பும் அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி போல. உடம்பு தேறியிருக்கிறது. முதல் அடி எடுத்து வைத்திருக்கிறார், இன்னும் தூரம் இருக்கிறது என்கிறார் கியூபன். ஆமாம், இது ஒரு தடவையில் குணமாகிற நோய் இல்லை. மறுபடி சறுக்கலாம். சறுக்கினால் மறுபடி போய்த் தூக்க வேண்டியதுதான்.

எனக்கு ஒரே ஒரு விருப்பம். இதை ஒரு பணக்காரரின் நல்ல மனதுக்கு விட்டுவிடக் கூடாது. அணிகளும் சங்கமும் அடுத்த ஒப்பந்தம் போட உட்காரும்போது, விடுவிக்கப்படும் ஆட்டக்காரருக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் அதே மருத்துவர், அதே செலவு குறைந்தது ஒரு வருடம் தொடரும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். வாரம் ஒரு முறை அவரைக் கூப்பிட்டுப் பேச ஒருவர் பொறுப்பு என்று பெயர் போட்டு எழுதட்டும். ஆட்டக்காரர் சங்கத்துக்கு இதையே கடிதமாக எழுதி இன்று காலை அனுப்பியிருக்கிறேன்.