இறுதித் தொடருக்கு முன் பழைய அணிகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் இறுதித் தொடர் நெருங்கிவிட்டதால், மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் மாலை ஆட்டத்தை முடித்துக்கொண்டு தேநீர்க் கடையில் கூடும் எங்கள் கூட்டத்தில், இந்த ஆண்டு அணிகளைவிடப் பழைய அணிகளைப் பற்றிய பேச்சே ஓங்கி நிற்கிறது. மூத்த அண்ணன்மாருக்கு 1998ஆம் ஆண்டின் சிகாகோ புல்ஸ்தான் எல்லாம். எதிரணியின் கார்ல் மலோனின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்த புல்ஸின் மைக்கேல் ஜோர்டன், 5.2 வினாடிகள் மீதமிருக்கையில் போட்ட கூடையால் யூட்டா ஜாஸ் 86-87 எனத் தோற்றதை நேற்று நடந்ததுபோல் விவரிக்கிறார்கள்.

என் கட்சி சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். 2013 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் மூன்று புள்ளிகள் முன்னிலையில் இருந்தபோது, எங்கள் உயரமான ஆட்டக்காரர் டங்கனை வெளியே அமர்த்தியிருந்த வேளையில் மயாமியின் கிறிஸ் பாஷ் பந்தைப் பிடித்து அனுப்ப, ரே ஆலன் பின்னோக்கியே நகர்ந்து மூலையில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே கால் பதித்து எறிந்து ஆட்டத்தைச் சமன் செய்த அந்தப் பந்தை இன்றைக்கும் என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை. (அப்போதும் கடிகாரத்தில் எஞ்சியவை அதே 5.2 வினாடிகள்தாம்!) மறு ஆண்டே மயாமியை 4-1 என வென்றபோது ஐவரும் பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருந்த அந்த ஆட்டத்துக்கு நிகராக வேறெதையும் நான் கண்டதில்லை.

தம்பிகள் இதை ஏற்பதில்லை. வழக்கமான பருவத்தில் 73 வெற்றிகள் குவித்த கோல்டன் ஸ்டேட், ஏழு ஆட்டங்கள் கொண்ட இறுதித் தொடரில் 3-1 என முன்னிலை பெற்றும் 2016இல் கிளீவ்லாந்திடம் கோட்டைவிட்டதே அவர்களுக்குப் பெரிது. நம் ஊரில் ஆட்டம் விடிந்ததும் தொடங்கும் என்பதால், வேலைக்குச் செல்வோர் பாதியிலேயே கிளம்ப வேண்டியிருக்கும். மீதி வழக்கை மாலையில் வைத்துக்கொள்வோம்.